முதல் ட்ரையத்லானுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதற்காக நம் ஆட்கள் நிறையப் பேர் முதல் முறையாக ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்பிரிண்ட் எனும் குறைந்த தூரப் பந்தயம், மூன்றும் அடுத்தடுத்து: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். கையில் மூன்று மாதம் இருக்கிறது. வந்த கேள்விகளில் பாதி சாப்பாட்டைப் பற்றி. நீச்சலைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். கவலைப்பட வேண்டியதே அதைப் பற்றித்தான், அதனால் அவர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

அக்கா, ஓடச் சொன்னால் 10 கி.மீ. ஓடுவேன். குளத்தில் 25 மீட்டர் போவதற்குள் நாக்குத் தள்ளுகிறது. மூன்று மாதத்தில் 750 மீட்டர் நடக்கிற காரியமா?

நடக்கும் தம்பி. உங்களுக்குத் தம் இருக்கிறது, அதை வெளியே விடத்தான் தெரியவில்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறீர்கள். தலையைத் திருப்புகிற அந்த ஒரு நொடிக்குள் பழைய மூச்சை விட்டுப் புது மூச்சையும் இழுக்கப் பார்த்தால் திணறாமல் என்ன செய்யும்? முகம் உள்ளே இருக்கும்போதே மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். திரும்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை. முதல் ஒரு வாரம் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இதையே பழகுங்கள். பக்கத்தில் பொடியன்கள் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்தது கால். ஓடிப் பழகியவர்கள் முழங்காலை மடக்கி மடக்கி உதைப்பார்கள். இடுப்பு கீழே இறங்கிவிடும், பாதிச் சக்தி உடம்பை மிதக்க வைக்கவே போய்விடும். தொடையிலிருந்து, சின்னதாக, கணுக்காலைத் தளர்த்தி உதையுங்கள். வாரம் மூன்று நாள் தண்ணீரில் இறங்குங்கள். 25 மீட்டர் பத்து முறை, நடுவில் அரை நிமிட ஓய்வு. அது சுலபமானதும் 50 மீட்டராக்குங்கள், அப்புறம் 100. வேகம் வேண்டவே வேண்டாம். ஃப்ரீஸ்டைல்தான் அடிக்க வேண்டும் என்று ட்ரையத்லானில் விதியும் கிடையாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அடிக்கலாம், மல்லாந்து மிதக்கலாம், பாதுகாப்புப் படகைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பிடித்தபடியே முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

குளத்தில் 500 மீட்டர் நிற்காமல் போய்விடுவேன். ஆனால் கடலில் நீந்தியதில்லை. உடம்பை முழுக்க மூடும் உடையில் நீந்தலாமா அக்கா?

உடை ஒரு பிரச்சினையே இல்லை. உடம்போடு ஒட்டும் லைக்ரா துணியில் முழுக்கை, முழுக்கால் உடை கிடைக்கிறது, பலரும் அதில்தான் நீந்துகிறார்கள். பருத்தி வேண்டாம், தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். எந்த உடைக்கு அனுமதி என்பதை மட்டும் அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் வேறு கதை. தரையில் கோடு இருக்காது, பிடிக்கச் சுவர் இருக்காது. ஏழெட்டுக் கை போட்டதும் ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து, பாதை காட்டும் மிதவையைப் பார்த்துவிட்டு முகத்தை இறக்கிவிட வேண்டும். தலையையே தூக்கினால் கால் இறங்கிவிடும். இதைக் குளத்திலேயே பழகலாம். படபடப்பு வந்தால் மல்லாந்து படுத்து நாலு மூச்சு விடுங்கள். சென்னையை அடுத்த கோவளம் பக்கம் அலைச்சறுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்கு அந்தக் கடலின் போக்கு தெரியும். அப்படி ஒருவர் துணை இல்லாமல் இறங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் துணை இருந்தாலும் வேண்டாம்.

வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி மேடம்? எனக்கு ஷிஃப்ட் வேலை.

நீச்சல் மூன்று, சைக்கிள் இரண்டு, ஓட்டம் இரண்டு. ஒரு ஓட்டத்தைச் சைக்கிளோடு சேர்த்துவிட்டால் ஆறு நாள்தான். இறங்கியதும் ஷூவை மாற்றிப் பத்து நிமிடமாவது ஓடுங்கள். முதல் சில முறை கால் மரக்கட்டையாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும். நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆர். பக்கம் போகவே கூடாது. தூங்குங்கள். கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

கியர் இல்லாத சைக்கிள் போதுமா?

20 கி.மீ. சமதரைக்குத் தாராளமாகப் போதும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்குகிற அளவுக்கு சீட்டை உயர்த்துங்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்பார்கள். பந்தயத்தில் ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகுதான் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்க வேண்டும். மறந்தால் தண்டனை உண்டு.

புரோட்டீன் பவுடர் எது நல்லது?

எதற்கு? உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் 25 கிராம். பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் சேர்ந்தால் கணக்கு வந்துவிடும். அந்தக் காசில் நல்ல நீச்சல் கண்ணாடி வாங்குங்கள்.

பந்தயம் காலை 6 மணிக்கு. வெண்பொங்கல் சாப்பிட்டால் தெம்பாக இருக்கும் என்கிறார் அம்மா.

பந்தயம் முடிந்த பிறகு அம்மா சொல்வது சரி. முன்னால் என்றால் நெய்யும் முந்திரியும் வயிற்றிலேயே உட்கார்ந்துகொள்ளும். மூன்றரைக்கே எழுந்து மூன்று இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுங்கள். மிளகாய்ப் பொடி, எண்ணெய், தேங்காய்ச் சட்னி வேண்டாம். கிளம்புமுன் ஒரு வாழைப்பழம். முந்தின நாள் கீரை, பயறு, சிறுதானியத்துக்கு விடுமுறை. நல்ல உணவுதான், ஆனால் நார்ச்சத்து மறுநாள் காலையில் வேலையைக் காட்டும். வெள்ளைச் சோறும் ரசமும் போதும்.

முதல் முறை போகிறவர்களுக்கு எல்லாம் முடிய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதற்கு மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து கிடைத்தால் சமாளித்துவிடலாம். சைக்கிளில் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், ஓடும்போது வயிறு குலுங்கும். விதை எடுத்த பேரீச்சம்பழம் நாலைந்து, அல்லது நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்று, ஏறத்தாழ அந்தக் கணக்குக்கு வந்துவிடும். மாவுச்சத்துள்ள எனர்ஜி ஜெல் விரும்புகிறவர்கள் தண்ணீரோடு எடுக்க வேண்டும். கடலை மிட்டாய் எனக்கும் பிடிக்கும், ஆனால் மூச்சிரைக்கும்போது மென்று பாருங்கள், தெரியும். எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை நீண்ட சைக்கிள் பயிற்சியில் தின்று பார்த்ததாக இருக்கட்டும்.

இளநீர் மட்டும் குடித்தால் போதாதா?

வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் அதிகம் இருப்பது பொட்டாசியம். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் பரவாயில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்தும் குடிக்கலாம். அதில் சர்க்கரை குறைவு, அதை நம்பிச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு எவ்வளவு தேவை என்று தெரிய, ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்போ குடிக்கக் குடிக்க நல்லதா?

இல்லை. வியர்த்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்சி முடிந்து எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

வயது 52, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். கலந்துகொள்ளலாமா அம்மா?

முதலில் உங்கள் டாக்டர், அப்புறம்தான் நான். மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் ஐயா. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிமிபிரைடு போன்றவையோ இன்சுலினோ என்றால் உடற்பயிற்சியின்போது இறங்கலாம், அளவை அவர்தான் மாற்றித் தர வேண்டும். இதயப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், நீந்தும்போது விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே இருக்கட்டும்.

நன்கொடை தருகிறவர்கள் வரி விலக்கு கிடைக்குமா என்கிறார்கள்.

அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் நன்கொடை விலக்குப் பதிவு (80ஜி என்பார்கள்) இருந்தால் கிடைக்கும், ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தத் தொகைக்கு விலக்கு இல்லை. அதனால் உங்கள் ஜி-பே எண்ணுக்கு வாங்காமல் நேரே அறக்கட்டளைக் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். ரசீது அவரவர் பெயரில் வரும், உங்களுக்கும் கணக்கு எழுதுகிற தலைவலி மிச்சம்.