மல்லிகைக்குக் களிமண், செம்பருத்திக்குக் காகிதம்

அன்புள்ள அம்மா,

திருமங்கலம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் க்ராஃப்ட் டீச்சராக இருக்கிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, வாரத்துக்கு ஒரு பீரியட். இதுவரை காகித வேலைதான் சொல்லிக்கொடுத்தேன். வாழ்த்து அட்டை, காகிதப் பூ, தோரணம், இந்த மாதிரி. டிசம்பரில் கண்காட்சி. பக்கத்துப் பள்ளியில் போன வருடம் ஏர் ட்ரை கிளேயில் (சுடாமல் காற்றிலேயே காய்கிற களிமண்) பூங்கொத்து செய்து வைத்துவிட்டார்களாம். நாமும் கிளே செய்யணும் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள்.

வீடியோ பார்த்து மல்லிகை செய்தேன். மறுநாள் பாதியில் விரிசல், மீதியில் இதழ் உதிர்ந்துவிட்டது. பிள்ளைகள் செய்தது இன்னும் மோசம். ஒரு பாக்கெட் கிளே ஒரு வகுப்புக்குக்கூடக் காணாது, விலையும் அதிகம். கூட வேலை பார்க்கும் ஓவிய ஆசிரியர், "பேப்பர் எல்லாம் எல்கேஜி வேலை, கிளேதான் கலை" என்கிறார். காகிதத்தை விட்டுவிடலாமா? கிளே வெடிக்காமல் இருக்க என்ன செய்வது? வீடியோவைப் போட்டுக் காட்டிச் செய்யச் சொல்வது சரியா? பெயர் வேண்டாம் அம்மா.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சருக்கு,

காகிதத்தை விடாதீர்கள். கிளேயையும் தொடுங்கள். ஆனால் எந்தப் பூவை எதில் செய்வது என்று வீடியோ முடிவு செய்யக் கூடாது, பூ முடிவு செய்ய வேண்டும். நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மீதியெல்லாம் விவரம். விவரத்தில்தான் நம் வேலையே இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மல்லிகையிலிருந்து தொடங்கலாம். வீடியோவில் பார்த்தபடி ஐந்தாறு இதழ்களைத் தனித்தனியாகத் தட்டி, ஒரு கம்பியைச் சுற்றி ஒட்டியிருப்பீர்கள். அதுதான் உதிர்ந்தது. ஒரு குண்டுமல்லியை எடுத்து நகத்தால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். இதழ்கள் தனித்தனியாக இருக்காது. அடியில் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் குழாய், அந்தக் குழாய் மேலே போய் இதழ்களாகப் பிரிகிறது. குழாயின் அடியில் பச்சை நிறத்தில் ஊசி ஊசியாக எட்டோ ஒன்பதோ நீட்டிக்கொண்டிருக்கும். வீடியோ செய்கிறவர்கள் இந்த ஊசிகளை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அவர்கள் செய்கிற வெள்ளைப் பூவை மல்லிகை என்றும் சொல்லலாம், நந்தியாவட்டை என்றும் சொல்லலாம்.

பூவே ஒரே துண்டாக இருக்கும்போது கிளேயையும் ஒரே துண்டாக எடுங்கள். கிளேயை நீர்த்துளி போல உருட்டுங்கள், வால் நீளமாக இருக்கட்டும். தடித்த முனையில் பென்சில் நுனியால் ஒரு குழி. குழியின் விளிம்பைக் கத்தரிக்கோலால் இதழ்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்லிசாக நீவி விடுங்கள். ஒட்டு வேலையே இல்லை, உதிர்வதற்கும் ஒன்றுமில்லை. அடுக்கு வேண்டும் என்றால் உள்ளே இன்னொரு சின்னத் துண்டை இதேபோல் செய்து சொருகலாம்.

அதற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். விரிந்த மல்லிகையைத்தான் செய்ய வேண்டுமா? 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மொக்காகத்தான் விற்கிறது. காலையில் பறிக்கிறார்கள், சாயங்காலத்துக்கு மேல்தான் விரிகிறது. உங்கள் பீரியட் பதினோரு மணிக்கு என்றால் பிள்ளைகள் கையில் இருப்பது மொக்கு. இந்த ஊர்ப் பிள்ளைக்கு மல்லி என்றதும் ஞாபகம் வருவதும் அந்தக் குண்டு மொக்குதான். கிளேக்கு அதைவிடத் தோதான உருவம் கிடையாது. சின்ன உருண்டை, கீழே குழாய், அடியில் லேசான பச்சை, சுற்றிலும் ஊசிகள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்துவிடும், கிளேயும் கொஞ்சம்தான் செலவாகும். ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியைக் காம்பாகச் சொருகினால் காய்ந்த பிறகு வாழை நாரில் சரமாகவே கட்டலாம். பூக்கட்டத் தெரிந்த பிள்ளை உங்கள் வகுப்பில் கட்டாயம் ஒன்றிரண்டு இருக்கும். அன்றைக்கு முடிச்சை அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும், நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து விரிசல். ஏர் ட்ரை கிளே காய்கிறது என்றால் அதில் இருக்கிற தண்ணீர் வெளியே போகிறது என்று அர்த்தம். தண்ணீர் போன இடம் சுருங்கும். மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கி, உள்ளே இன்னும் ஈரமாகவே இருந்தால் தோல் வெடிக்கும். நம் ஊர் வெயிலில் ஃபேனுக்கு அடியில் வைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? நிழலில் வையுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போடுங்கள். இரண்டு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். ஒரே பூவில் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் இருந்தாலும் வெடிக்கும். செய்யும்போது காய்கிறதே என்று விரலில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தடவுவார்கள் பிள்ளைகள். அதையும் குறைக்கச் சொல்லுங்கள். சேர்த்த தண்ணீர் எல்லாம் மறுபடி வெளியே போயாக வேண்டும்.

விலைக்கு வருவோம். வெள்ளை ஃபெவிகால் ஒரு கப், கார்ன்ஃப்ளார் என்கிற மக்காச்சோள மாவு ஒரு கப், ஒரு ஸ்பூன் எண்ணெய், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர். சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் சுருண்டு வந்து சட்டியில் ஒட்டாமல் பந்தாகத் திரளும். கை பொறுக்கிற சூட்டில் நன்றாகப் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி ஒரு ராத்திரி வைத்துவிட்டால் மறுநாள் வேலைக்குத் தயார். இதை நீங்கள் வீட்டில் செய்துகொண்டு போக வேண்டும், பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடக் கூடாது. அந்தச் சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். இந்தக் கிளே காயும்போது பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கு மேலும் சுருங்கும். அதனால் மொக்கைக் கொஞ்சம் பெரிதாகவே செய்யச் சொல்லுங்கள். காய்ந்தால் மெழுகு மாதிரி கண்ணாடித்தன்மை வந்துவிடும், மல்லிகைக்கு வெள்ளைப் பெயின்ட் கொஞ்சம் கலந்துதான் பிசைய வேண்டும். மற்ற நிறங்கள் காய்ந்ததும் அடர்த்தியாகிவிடும், ஆகவே வெளிறலாகவே கலக்குங்கள். கடையில் கலர் கலராக, பஞ்சு மாதிரி லேசாக ஒரு கிளே வருகிறதே, அது அவ்வளவாகச் சுருங்காது, சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் அதில் மெல்லிய இதழ் வராது. பொம்மைக்குச் சரி.

காசே இல்லாத வழியும் இருக்கிறது. ஊருணியிலோ கண்மாயிலோ இரண்டு கை களிமண் எடுத்துக் காயவைத்துப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, கூழாக அரைத்துப் பிழிந்து, நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சேர்த்துப் பிசையுங்கள். காகிதத்தின் நார் மண்ணைப் பிடித்துக்கொள்வதால் விரிசல் வெகுவாகக் குறையும். கூழ் இரண்டு மூன்று நாளில் நாற ஆரம்பித்துவிடும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள். காகிதமா மண்ணா என்று கேட்டீர்களே, இது இரண்டும்தான். திருப்பரங்குன்றம் பக்கம் மண் பொம்மை செய்கிற விளாச்சேரி உங்களுக்கு மதுரை போகிற வழிதான். கொலு சமயத்துக்கு முன்னால் பிள்ளைகளை ஒரு நடை கூட்டிப்போய், பொம்மையின் உள்ளே ஏன் கூடாக விடுகிறார்கள் என்று அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். விரிசலைப் பற்றி நான் மேலே எழுதிய பத்தியை விட நன்றாகப் புரியும்.

இனி உங்கள் ஓவிய ஆசிரியருக்கு. மேரி டெலானி என்று இங்கிலாந்தில் ஒரு அம்மாள் இருந்தார். 1700ல் பிறந்தவர். கணவரை இழந்த பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில் காகிதத்தை வெட்டிப் பூக்கள் செய்ய ஆரம்பித்தார். நிஜச் செடியை முன்னால் வைத்துக்கொண்டு, வண்ணக் காகிதத்தைத் துணுக்குத் துணுக்காக வெட்டி, கறுப்புத் தாளில் ஒட்டினார். கண் பார்வை மங்கும்வரை செய்ததில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான படங்கள். அவை இன்றைக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்கேஜி வேலை என்று சொல்கிறவர் அதில் ஒன்றை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கட்டும். செயற்கைப் பூ என்றாலே மட்டம் என்பவர்களுக்கு மதுரையில் வேறு பதிலும் உண்டு. மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்தில் இருக்கிற பொன் தாமரை எந்தச் சேற்றில் முளைத்தது?

காகிதத்துக்கென்றே பிறந்த பூக்கள் இருக்கின்றன. செம்பருத்தியைப் பாருங்கள். அந்த மெல்லிய இதழும் அதில் ஓடும் கோடுகளும் க்ரேப் பேப்பரில் வருகிற மாதிரி கிளேயில் வரவே வராது. க்ரேப் தாளின் சுருக்கக் கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்குப் போகிற மாதிரி வைத்து வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் இதழ் விரியாது. வெட்டியபின் நடுவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுத்தால் குழியும், நுனியை மட்டும் இழுத்தால் அலை அலையாகும். ஐந்து இதழ்களையும் ஒட்டும்போது ஒவ்வொன்றின் ஒரு ஓரம் ஒரு பக்கத்து இதழுக்கு மேலேயும் மறு ஓரம் மறுபக்கத்து இதழுக்குக் கீழேயும் வர வேண்டும், நிஜப் பூவில் அப்படித்தான் இருக்கிறது. நடுத்தண்டில் பசை தடவி மஞ்சள் கலர் ஏற்றிய ரவையில் புரட்டினால் மகரந்தம் ஆயிற்று. ஆர்கண்டித் துணியில் பூ செய்த காலத்துப் பழைய வித்தை அது. கனகாம்பரமும் அப்படித்தான். ஒரு குழாய், ஒரு பக்கமாக விரிந்த விசிறி. ஆரஞ்சுத் தாளில் ஒரே துண்டாக வெட்டலாம். செண்டுப்பூவுக்கு, நீளத் தாளைச் சீப்பு மாதிரி நறுக்கிச் சுருட்டினால் போதும். கத்தரி பிடிக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு முதலில் அதைக் கொடுங்கள்.

எருக்கம்பூ கிளே பக்கம். மெழுகுபோல் தடித்த ஐந்து இதழ், நடுவில் கிரீடம். சாலையோரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது, யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. நீங்களே பறித்துக் கழுவி, தட்டில் வைத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் தொட வேண்டாம்.

வீடியோ விஷயம். போட்டுக் காட்டுங்கள், ஆனால் கடைசியில். முதல் பீரியட் முழுக்கப் பூவைப் பிரிப்பது மட்டும்தான். ஆளுக்கொரு பூ, ஒரு தாள், செலோ டேப். இதழ், பச்சை இதழ், தண்டு எல்லாவற்றையும் பிரித்து வரிசையாக ஒட்டி, எண்ணி எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பீரியடில் செய்யட்டும். வீடியோ மூன்றாவதில். அப்போது "டீச்சர், அவங்க தப்பா செய்றாங்க" என்று ஒரு குரல் வரும். க்ராஃப்ட் பீரியடை கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார் என்ற புலம்பல் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. இது உங்களுக்கு அந்தச் சண்டையிலும் உதவும். 1937ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையே, கைத்தொழிலை ஓரமாக ஒரு பீரியடில் தள்ளாமல் அதன் வழியாகவே மற்ற பாடங்களையும் சொல்லிக்கொடுப்பதுதான். அறிவியல் ஆசிரியரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூவின் பாகங்கள் அவருக்கும் நடத்த வேண்டிய பாடம்தானே.

கண்காட்சி என்றால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. மேஜையில் இருப்பதில் முக்கால்வாசி அம்மாக்கள் செய்ததாக இருக்கும், கால்வாசி டீச்சர் ராத்திரி கண் விழித்துச் செய்ததாக இருக்கும். பிள்ளை பக்கத்தில் பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கும். நீங்கள் கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளைகள் செய்ததையே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அந்தப் பிள்ளை பூவைப் பிரித்து ஒட்டிய தாளையும் வையுங்கள். நிர்வாகத்தில் முகம் சுளித்தால் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

அப்புறம், டிசம்பர் என்று நவம்பரில் ஆரம்பிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளே காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும், க்ரேப் பூவும் தலை தொங்கிவிடும். புரட்டாசிக்குள் கிளே வேலையை முடித்து, நன்றாகக் காய்ந்ததும் மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள். காகிதப் பூவைக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் செய்தால் போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது என்று உங்களிடமும் யாராவது யோசனை சொல்வார்கள். அது விஷம், பள்ளிக்குள் வேண்டவே வேண்டாம். ஃபெவிகாலே போதும்.

அன்புடன்