தாத்தா பெட்டியில் கேப்பு ரிவால்வர்: அசல் பாகம் எங்கே தேடுவது?

கோயம்புத்தூரில் லைசன்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றின் பட்டறையில் 31 வருடம் வேலை பார்த்தேன். இப்போது கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால், அடித்தால் பொறி தெறிக்கும் செம்புக் கேப்பு மாட்டிச் சுட்ட காலத்து ரிவால்வர்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கொல்லங்கோடு, மூணாறு, புனலூர், நகரி என்று எல்லையோரத்திலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: உடைந்த பாகத்துக்கு அசல் எங்கே கிடைக்கும்?

கேள்வி: என் தாத்தா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ‘கோல்ட்’ என்று பொறித்த ரிவால்வர் ஒன்று இருக்கிறது. குழலைப் பிடித்து நிறுத்தும் ஆப்பைக் காணோம். கேப்பில் அடிக்கும் சுத்தியான குதிரையைப் பின்னால் இழுத்தால் சிலிண்டர் சுற்றுவதில்லை. அசல் பாகம் எங்கே கிடைக்கும் அண்ணே? (கொல்லங்கோடு)

பதில்: தம்பி, பாகம் அப்புறம். முதலில் அது நிரப்பிய துப்பாக்கியா என்று பாருங்கள். குதிரையை இனிமேல் தொடாதீர்கள். குழல் வெறும் சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று சிலிண்டரின் முன்வாயில் டார்ச் அடியுங்கள். ஓட்டைகள் காலியாகத் தெரியாமல் சாம்பல் நிறத்தில் ஏதாவது அடைத்திருந்தால் அது ஈயம், அதற்குப் பின்னால் மருந்து இருக்கிறது. கருமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். ஈரம் படாமல் அடைபட்டுக் கிடந்தால் 150 வருடம் போனாலும் அதற்கு உயிர் இருக்கும். அப்படி இருந்தால் தட்டவோ, சூடு காட்டவோ, மண்ணெண்ணெய் ஊற்றிக் குத்தி எடுக்கவோ வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

காலியாக இருந்தால் அடுத்தது எண். கோல்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ரிவால்வரைக் கவிழ்த்துப் பிடித்தால் அடிப்பக்கத்தில் ஒரே எண் வரிசையாக வரும்: குழலின் அடியில், உடற்சட்டத்தில், விசைக்காப்பில், அப்புறம் கைப்பிடியின் அடியில். சிலிண்டரிலும் அது உண்டு. நீங்கள் தேடும் ஆப்பில்கூட முழு எண்ணோ, கடைசி இலக்கங்களோ இருக்கும். ஆகவே ‘அசல் பாகம்’ என்றால் அந்த எண் உள்ள ஆப்பு ஒன்றுதான். வேறு கோல்ட்டிலிருந்து கழற்றியது பழைய பாகமாக இருக்கலாம், உங்கள் தாத்தா ரிவால்வரின் பாகம் ஆகாது.

அதனால் முதலில் உங்கள் வீட்டிலேயே தேடுங்கள். சும்மா சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆப்பு தையல் மெஷின் டிராயரில், பாபின்களுக்கு நடுவே கிடந்தது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத இரும்புத் துண்டு, ஒரு பக்கம் மெல்லிய வில். அந்த வீட்டு அம்மா இருபது வருடமாக அதை மெஷின் பாகம் என்று நினைத்திருந்தார். கத்தரிபோல் இரண்டு கையும் உருண்டைப் பள்ளமும் உள்ள குண்டு அச்சு இருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். மீன்வலைக்கு ஈயம் வார்க்க அதை எடுத்துப் போயிருப்பார்கள், பக்கத்து வீடுகளிலும் விசாரியுங்கள். மருந்துக் குடுவை, கேப்பு மாட்டும் நிப்பிளைக் கழற்றும் சாவி இவையும் ஆணி டப்பாவில்தான் ஒளிந்திருக்கும்.

சிலிண்டர் சுற்றாததற்குக் காரணம், குதிரையோடு மேலே வந்து சிலிண்டரைத் தள்ளும் விரல் போன்ற சின்னத் துண்டு. அதன் முதுகில் இருக்கும் தகட்டு வில் முறிந்திருக்கும். அதை அப்படியே விடுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்கக்காரர் ஒருவர் வீடியோவில், பழைய ரிவால்வருக்கு லைசன்ஸ் வேண்டாம், பாகம் தபாலிலேயே வரும் என்கிறார். நாமும் வரவழைக்கலாமா சார்? (வேலந்தாவளம்)

பதில்: வேண்டாம். அவர் ஊர்ச் சட்டப்படி அவர் சொல்வது சரி. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1898 வரை செய்த துப்பாக்கி பழம்பொருள். உருக்குலைந்த ரிவால்வர்களைப் பிரித்துத் திருகு, வில், ஆப்பு என்று தனித்தனியாக விற்கிற வியாபாரிகள் அங்கே இருக்கிறார்கள், ஏலத்தில் ஒரு டப்பா நிறைய உதிரியும் வரும்.

நம் ஊரில் 1959ஆம் வருட ஆயுதச் சட்டம். ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அயல்நாட்டிலிருந்து வரும் பொட்டலம் கஸ்டம்ஸில் நின்றால் கேள்வி உங்களிடம்தான் வரும். அதே சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு ஒரு விலக்கு உண்டு. அதை எல்லோரும் பாதிதான் படிக்கிறார்கள். பழசாக இருந்தால் மட்டும் போதாது. ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலை இருக்க வேண்டும். ‘ரிப்பேர் செய்தாலும்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. முறிந்த வில்லுக்குப் புதுசு போட்டு, அடைந்த நிப்பிளை மாற்றி ரிவால்வரை ஓட வைத்தால், இருக்கிற விலக்கையும் உங்கள் கையாலேயே கழற்றி எறிகிறீர்கள். ரிப்பேர் செய்கிறவருக்கும் தனி லைசன்ஸ் வேண்டும்.

உங்களிடம் இருப்பது விலக்குக்குள் வருமா என்று நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. போட்டோ, எண், யாரிடமிருந்து வந்தது என்ற விவரம் மூன்றையும் எழுதி, ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசில் கொடுங்கள். வாளையாறு தாண்டிக் கோவைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். எழுத்தில் பதில் வரும்வரை பொருள் வீட்டைவிட்டு நகரக் கூடாது.

கேள்வி: மூணாறில் பழைய எஸ்டேட் பங்களாவை ஒழித்தபோது கிடைத்தது. இதுவும் கேப்பு ரிவால்வர்தானா? (மூணாறு)

பதில்: போட்டோ பார்த்தேன், இல்லை. சிலிண்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். கேப்பு ரிவால்வரில் ஒவ்வொரு அறைக்கும் பின்னால் முலைபோல ஒரு நிப்பிள் துருத்திக்கொண்டிருக்கும். உங்களுடையதில் ஓட்டை நேராக ஊடுருவிப் போகிறது, அது தோட்டா போடுவது. வருடக் கணக்கும் ஒத்து வருகிறது. பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ துரை கண்ணன் தேவன் மலையை வாங்கியது 1877இல். அதற்குள் தோட்டா ரிவால்வர் பரவிவிட்டது. வெப்ளி என்ற ஆங்கிலக் கம்பெனியின் ஐரிஷ் போலீஸ் மாடலே 1868இல் வந்தாயிற்று. மலைக்கு வந்த துரைகள் பழைய கேப்பு ரிவால்வரைக் கொண்டுவந்ததும் உண்டு. ஆனால் உங்களிடம் இருப்பதைப் பழம்பொருள் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம், இன்றே ஸ்டேஷனுக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பதில் ‘டீன், ஆடம்ஸ் அண்ட் டீன், லண்டன் பிரிட்ஜ்’ என்று இருக்கிறது. குதிரையில் கட்டைவிரல் வைக்கும் கொம்பு உடைந்துவிட்டதுபோல. அது மட்டும் கிடைக்குமா ஐயா? (நகரி)

பதில்: ஐயா, அது உடையவில்லை! தயவுசெய்து யாரிடமும் கொடுத்து ஒட்ட வைக்காதீர்கள். ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் காப்புரிமை வாங்கிய மாடலில் குதிரைக்குக் கொம்பே கிடையாது. விசையை இழுத்தால் குதிரை தானே ஏறி தானே விழும். கொம்பு வைத்துக் கட்டைவிரலாலும் ஏற்றும்படி செய்தது 1856இல், போமாண்ட் என்ற ராணுவ அதிகாரியின் திருத்தம். 1857 கலகத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் கையில் இருந்தது இந்த போமாண்ட்-ஆடம்ஸ். உங்களுடையது அதற்கும் மூத்தது, எனக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆடம்ஸில் குழலும் உடற்சட்டமும் ஒரே இரும்பாக அடித்தது, ஐந்து அறை. உள்பாகங்களை ஆட்கள் அரம் போட்டு ஒன்றோடு ஒன்று பொருத்தினார்கள். அதனால் ஒரு ஆடம்ஸின் பாகம் இன்னொன்றில் அப்படியே உட்காராது. கோல்ட்டில் மெஷின் வேலை அதிகம். லண்டனில் கோல்ட் கம்பெனியின் தொழிற்சாலை 1853 முதல் 1856 வரைதான் நடந்தது, அதற்குள் ‘நேவி’ என்ற மாடலில் மட்டும் ஏறத்தாழ 42,000 செய்துவிட்டார்கள். அதிலும் கடைசிப் பொருத்தம் கைவேலைதான், எண் குத்தியதே அதற்காகத்தான்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரிடம் இரண்டு கோல்ட் இருந்தன, இரண்டிலும் குறை. ஒன்றின் சிலிண்டரையும் ஆப்பையும் எடுத்து மற்றதில் போட்டு ஒன்றை முழுசாக்கிக் கொடுத்தேன். சரியாக உட்கார வேண்டும் என்று பழைய ஆப்பை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன். எண்ணின் கடைசி இலக்கம் போய்விட்டது. இரண்டு ரிவால்வரின் வரலாறும் அன்றோடு குழம்பிப் போனது. இன்றும் அது உறுத்துகிறது. பழைய இரும்பை அராவவே கூடாது, அராவ வேண்டியிருந்தால் புதுத் துண்டை அராவு என்பதை அன்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கேள்வி: நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நிப்பிளும் ஆப்பும் கடைந்து கொடுத்தால் என்ன? (கோவிந்தாபுரம்)

பதில்: கடையாதீர்கள் தம்பி. லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கிப் பாகம் செய்வது குற்றம். வேலை என்று பார்த்தாலும் கெடுதல்தான். அந்தக் கால மரை, மரை வெட்டும் இன்றைய டேப்புக்கு ஒத்து வராது. திணித்துத் திருகினால் சிலிண்டரின் மரை வழித்துக்கொண்டு போகும். அலமாரியில் வைக்க ஆப்பு இல்லாமல் குழல் நிற்கவில்லை என்றால், தேக்கு மரத்தில் செதுக்கிக் கருப்பு பூசிச் செருகுங்கள். அடியில் ‘நகல்’ என்றும் வருடமும் எழுதுங்கள். நாளைக்கு அசல் கிடைத்தால் மரத்தை உருவிவிட்டு அதை வைக்கலாம். அதுவரை மரம் யாரையும் ஏமாற்றாது.

கேள்வி: பழம்பொருள் கடையில் ஒரு நேவி கோல்ட் காட்டினார்கள். சிலிண்டரில் கப்பல் சண்டைப் படம்கூட இருக்கிறது. அசல்தானே? (புனலூர்)

பதில்: படம் இருப்பது போதாது. அசலில் இருப்பது 1843 மே 16 அன்று டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் போட்ட சண்டை. நகலிலும் அதையே உருட்டியிருப்பார்கள். முதலில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டாவிட்டால் அது நாகக் கலவையில் வார்த்த அலங்காரப் பொம்மை. ஒட்டினால் குழலின் அடியையும் உடற்சட்டத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உபெர்ட்டி, பியெட்டா போன்ற இத்தாலிக் கம்பெனிகளின் நகலில் நட்சத்திரத்தோடு ‘பி என்’ (PN) என்று முத்திரை இருக்கும், அவர்கள் மொழியில் கருமருந்து என்று பொருள். பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் வருடக் குறி: 1975க்கு ‘ஏ ஏ’ (AA), 1976க்கு ‘ஏ பி’ (AB) என்று போகும், அதற்கு முன்பு ரோமன் எண். அந்த இடத்தில் மட்டும் இரும்பு பள்ளமாகத் தேய்ந்து, மேலே புதுத் துரு பிடித்திருந்தால் யாரோ முத்திரையை அழித்திருக்கிறார்கள். நகலாக இருந்தாலும் அது சுடக்கூடியது, புதுத் துப்பாக்கிக்கு உள்ள சட்டம் அத்தனையும் அதற்கும் உண்டு. கடைக்காரரிடம் விற்கும் லைசன்ஸைக் கேளுங்கள். காட்டாவிட்டால் வந்துவிடுங்கள்.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். கொள்ளுத்தாத்தாவின் ரிவால்வரை அங்கே கொண்டுபோகக் கேட்கிறான். (செங்கோட்டை)

பதில்: முடியாதம்மா. 100 வருடம் தாண்டிய பொருளைத் தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் விடாது. ஆயுதம் என்பதால் விமான நிலையத்தில் வேறு வழக்கும் சேரும்.

கேள்வி: எங்கள் வீட்டு ரிவால்வர் விலக்குக்குள் வரும் என்று எழுத்தில் வாங்கிவிட்டோம். துரு மண்டியிருக்கிறது, கைப்பிடி மரமும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. விளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா? மரத்துக்குப் புதுசு மாட்டலாமா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: எழுத்தில் வாங்கினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும் அம்மா. புளி, எலுமிச்சை, உப்புத்தாள் மூன்றும் வேண்டாம். புளிப்பு இரும்பைத் தின்னும், உப்புத்தாள் எண்ணைத் தின்னும். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும் சாதி, நம் ஊர் மழைக்காலத்தில் நிப்பிளைச் சுற்றித்தான் முதலில் அரிக்கும். மெல்லிய மெஷின் ஆயிலைத் துணியில் தொட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். அப்புறம் மூங்கில் குச்சியைச் சீவி, செதில் செதிலாக நிற்கும் செந்துருவை மட்டும் தள்ளுங்கள். அடியில் கருப்பாகப் படிந்திருக்கும் பழைய நிறத்தைத் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாளில் பிசுக்காகிவிடும், பூச வேண்டாம்.

மரத்துக்குப் புதுசு வேண்டவே வேண்டாம். பிளந்த இரண்டு துண்டும் இருக்கிறதல்லவா? அதுதான் நீங்கள் தேடும் அசல் பாகம். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கே மையாலோ பென்சிலாலோ எண் எழுதியிருக்கலாம். பழைய மரவேலைக்காரர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரத்தை வெந்நீரில் இளக்கி, பிளவில் மட்டும் மெல்லிசாகத் தடவி, நூலால் சுற்றிக் கட்டி ஒரு நாள் நிழலில் வையுங்கள். வேண்டாம் என்றால் வெதுவெதுப்பான ஈரத்துணி வைத்தால் மறுபடியும் விட்டுவிடும். பெவிகுயிக் போட்டுவிடாதீர்கள்.