குரல் கேட்டால் தெரிகிறது, முகம் பார்த்தால் தெரியவில்லை

கேள்வி: என் கணவருக்கு மூன்று மாதங்களுக்கு முன் மூளை ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. இப்போது நன்றாக நடக்கிறார், செய்தித்தாள் படிக்கிறார். ஆனால் நான் எதிரே போய் நின்றால் யாரோ போலப் பார்க்கிறார், பேசினால்தான் தெரிகிறது. இது மறதியா? சரியாகுமா?

பதில்: மறதி இல்லை. மறதியாக இருந்தால் குரலும் கைகொடுத்திருக்காது. உங்களைப் பற்றிய நினைவு அவரிடம் அப்படியே இருக்கிறது. முகம் வழியாக அங்கே போகும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடமர் 1947-ல் இதற்குப் புரோசோபக்னோசியா என்று பெயரிட்டார்.

கண், மூக்கு, வாய் எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா, சிரிக்கிறாரா என்றுகூடச் சொல்லிவிடலாம். அவற்றை ஒரே முகமாகச் சேர்த்து 'இன்னார்' என்று சொல்வது மூளையின் பின்புற அடிப்பகுதி, முக்கியமாக வலப்பக்கம். அதனால் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை. ஆனால் பார்வைப்புலப் பரிசோதனை, அதாவது நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்கும் சோதனை, அவசியம். அதே இடத்தில் அடிபட்டால் இடது மேல்பக்கப் பார்வை மறையலாம், நிறம் வெளிறலாம், பழகிய தெருவிலேயே வழி தவறலாம். பரிசோதனை முடியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

முகப்படங்களைப் பொருத்தும் சோதனை செய்தால், எத்தனை சரி என்பதோடு எவ்வளவு நேரம் எடுத்தார் என்றும் கேளுங்கள். தலைமுடி ஓரத்தையும் புருவத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டே சிலர் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். குறை வெளியே தெரியாமலே போகும்.

இதற்கென்று மருந்து கிடையாது. முதல் சில மாதங்களில் ஓரளவு தேறலாம். பலருக்குக் குறை நின்றுவிடுகிறது. வேறு பாதையைப் பழக்குவதுதான் வழி. அறைக்குள் வரும்போதே பேசிக்கொண்டு வாருங்கள். மற்றவர்களையும் முதலில் பெயர் சொல்லச் சொல்லுங்கள். அடையாளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், மாறாததாக இருக்கட்டும்: மச்சம், பல் இடைவெளி, நடை. சேலை நிறமும் கொண்டையும் நாளைக்கே மாறிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரே ஆளின் அடையாளத்தைப் பழகினால் போதும்; ஆல்பத்தை மொத்தமாக எடுத்து வைத்தால் எல்லாம் குழம்பிப் போகும். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். பயிற்சி ஆகாது, அவமானம்தான் மிஞ்சும்.

முகம் தெரியவில்லை என்று வாய் சொன்னாலும், பழகியவர் படத்தைக் கண்டதும் உள்ளுக்குள் எழும் சலனத்தால் தோல் லேசாக வியர்த்து, அதன் மின்கடத்தல் கூடுவதை 1980-களிலேயே சில நோயாளிகளிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆகவே அவர் விலகிப் பார்ப்பதை அன்பு குறைந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"என் மனைவி மாதிரியே இருக்கிறாள், ஆனால் அவள் இல்லை" என்று சொன்னால் அது வேறு கோளாறு. குரல் கேட்டும் தெரியவில்லை என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென்று பேச்சு குளறினாலோ கை, கால் சோர்ந்தாலோ அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அவர் வீட்டில் தனியாக இருக்கும்போது, சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் உங்களுக்குப் போன் செய்து கேட்ட பிறகே கதவைத் திறக்கட்டும்.