ஜூனில் வேண்டாம், அக்டோபரில் கிளம்புங்கள்

கேள்வி: நாங்கள் அரிசோனாவில், சாண்ட்லரில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் மே மாதம் வந்து நவம்பர் வரை எங்களோடு இருப்பார்கள். ஜூன் விடுமுறையில் ஒரு ஆர்.வி. (அடுப்பு, கட்டில், கழிவறையோடு கூடிய வீடு போன்ற வண்டி) வாடகைக்கு எடுத்து, ஒன்பது நாளில் லாஸ் வேகஸ், டெத் வேலி, கிராண்ட் கேன்யன், மான்யுமென்ட் வேலி, ஆல்புகர்க்கியில் அண்ணன் வீடு, ஒயிட் சாண்ட்ஸ், டூசானில் நாத்தனார் வீடு என்று சுற்றி வர நினைக்கிறோம். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். வெளியில் சாப்பிடவே தயங்குவார். அப்பா இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. பிள்ளைகளுக்கு 9 வயது, 5 வயது. அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு, நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாட்டோடு கிளம்புவதாகத் திட்டம். "அடுப்பு இருந்தால் போதும், நானே சமைத்துப் போடுகிறேன்" என்கிறார் அம்மா. இது சரிவருமா?
வாசகி, சாண்ட்லர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஆர்.வி. எடுப்பது மிக நல்ல யோசனை. முட்டை கலக்காத சாப்பாடு வேண்டும் என்கிற அம்மாவுக்கும், அடிக்கடி கழிவறை தேடும் சர்க்கரை நோயாளிக்கும், பாலைவனத்து நெடுஞ்சாலையில் இதைவிட வசதியான வண்டி கிடையாது. மாதத்தையும் தூரத்தையும்தான் மாற்ற வேண்டும்.

முதலில் மாதம். ஜூனில் ஃபீனிக்ஸ் வட்டாரம் 43 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் என்பது உங்களுக்கே தெரியும். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் அதற்குக் கீழே இறங்கவே இல்லை. வீட்டுக்குள் ஏசியில் இருந்து பார்ப்பது வேறு, மெல்லிய சுவர் கொண்ட வண்டிக்குள் ஆறு பேர் இருப்பது வேறு. ஆர்.வி.யின் கூரை ஏசி பேட்டரியில் ஓடாது. வண்டி நிறுத்தும் முகாமில் மின் இணைப்பு வேண்டும், அல்லது ஜெனரேட்டர் ஓட வேண்டும். இரவில் ஜெனரேட்டர் போடப் பெரும்பாலான முகாம்களில் அனுமதி இல்லை. டெத் வேலிக்குக் கோடையில் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் நிறுவனங்களும் உண்டு. 1913இல் 56.7 டிகிரி பதிவான இடம் அது. அறுபது எழுபது வயதுக்காரர்களை ஜூனில் அங்கே அழைத்துப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெற்றோர் நவம்பர் வரை இருக்கிறார்கள் அல்லவா? உங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு அக்டோபரில் விடுமுறை வரும். அப்போது போங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆல்புகர்க்கியில் அக்டோபர் முதல் பாதியில் பலூன் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் ஊரில் ஆர்.வி. நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. திருவிழா முடிந்த பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேருவதுபோல் தேதியை அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தூரம். நீங்கள் எழுதிய பட்டியல் ஏறத்தாழ 2,000 மைல் வரும். காரில் ஐந்து மணி நேரம் ஆகும் வழி ஆர்.வி.யில் ஆறரை மணி நேரம் இழுக்கும். மலையேற்றத்தில் மெதுவாகத்தான் போகும், எதிர்க்காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்துவிடும், ஒரு கேலன் பெட்ரோலுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும். லாஸ் வேகஸ், டெத் வேலி, மான்யுமென்ட் வேலி மூன்றையும் இந்த முறை விட்டுவிடுங்கள். (டெத் வேலி கலிஃபோர்னியாவில் இருக்கிறது. வழியில் மாநில எல்லைச் சோதனை இருந்தால் அம்மாவின் கறிவேப்பிலையை வாங்கி வைத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதிலும் தங்கும்.) மிஞ்சும் சுற்று ஏறத்தாழ 1,350 மைல். ஒன்பது நாளோடு இன்னும் இரண்டு நாள் சேர்த்துப் பத்து இரவாக்கினால், எந்த நாளிலும் 250 மைலைத் தாண்டாமல், மாலை வெயில் இறங்குவதற்குள் வண்டியை நிறுத்திவிடலாம்.

கிராண்ட் கேன்யனில் இரண்டு இரவு. பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் 'டிரெய்லர் வில்லேஜ்' என்ற முகாமில் மட்டும்தான் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்று இணைப்பும் உண்டு. பக்கத்திலுள்ள மேதர் முகாமில் எந்த இணைப்பும் கிடையாது. அங்கே 30 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் இடமில்லை. நிறுத்தியபின் வண்டியைத் தொடவே வேண்டாம், பூங்காவின் இலவசப் பேருந்தே பல காட்சி முனைகளுக்கும் போகும். சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகள் அவை. விளிம்பை ஒட்டிச் சமதளமான பாதை இருப்பதால் அப்பா கொஞ்சம் நடக்கலாம், அலுத்தால் அடுத்த நிறுத்தத்தில் ஏறிவிடலாம். அந்த இடம் சுமார் 7,000 அடி உயரம். நடந்தால் மூச்சு வாங்கும், முதல் நாள் அவசரப்படுத்தாதீர்கள். அக்டோபர் இரவில் குளிர் உறைநிலையை ஒட்டி இறங்கும். மதுரைக்காரர்களுக்குக் கம்பளியும் காலுறையும் எடுத்து வையுங்கள். குளிர் விரட்ட அடுப்பை எரிக்கவே கூடாது, வண்டியிலிருக்கும் ஹீட்டரைத்தான் போட வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று வண்டியை எடுக்கும்போதே அழுத்திப் பாருங்கள். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டினருக்குக் கிராண்ட் கேன்யன் போன்ற சில பூங்காக்களில் கூடுதல் கட்டணம் உண்டு. பெற்றோருக்காக அதையும் கணக்கில் சேருங்கள்.

மூன்றாம் இரவு ஹோல்புரூக் என்ற ஊரில். மறுநாள் காலை பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா வழியாகவே ஆல்புகர்க்கிக்குப் போங்கள். 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம். பூங்காவின் 28 மைல் சாலையில் ஆர்.வி. தாராளமாகப் போகும், முழங்கால் வலிக்காரர் இருக்கையில் இருந்தபடியே பாதியைப் பார்த்துவிடலாம். ஒரு சின்னக் கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சட்டப்படி குற்றம். நியூ மெக்ஸிகோவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். அப்பாவின் இன்சுலின் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் பற்றி இன்னொன்று. பல ஆர்.வி.களில் இருப்பது எரிவாயுவிலும் ஓடும் ஃபிரிட்ஜ். வண்டி சாய்வாக நின்றால் அது சரியாகக் குளிராது. நிறுத்தியவுடன் மட்டம் பார்ப்பது உங்கள் கணவரின் முதல் வேலையாக இருக்கட்டும். உள்ளே ஒரு சின்ன வெப்பமானி வையுங்கள். மருந்து உறைந்துபோனாலும் வீணாகிவிடும் என்பதால் ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

இனி உங்கள் அம்மா சொன்னதற்கு வருகிறேன். அவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் ஒரு ஆள் நிற்கும் இடத்தில் ஆறு பேருக்கு மூன்று வேளை சமைத்தால், கிராண்ட் கேன்யனை அவர் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார். பயணம் முழுவதும் அவர் அடுப்படியில் நின்றார் என்றால், ஊருக்குப் போனபின் உங்களுக்குத்தான் அது உறுத்தும். ஒரு நாளைக்கு ஒரு சமையல் போதும், அதுவும் மாலையில், நீங்களோ கணவரோ கூட நிற்க வேண்டும். காலைக்கு ஊறவைத்த அவல், பால், பழம். மதியத்துக்குப் புளியோதரை, தயிர்சாதம், முந்தின இரவு செய்த சப்பாத்தி. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு மூன்றும் வீட்டிலேயே தயாராகட்டும். குக்கரை மறக்காதீர்கள். 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது. தட்டு, வாணலி எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், சாம்பார் வண்டல் வண்டியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் போனால் நாற்றம் வண்டியை விட்டுப் போகாது. கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும்போது கழிவறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், பிறகு சமையல், குளியல் தண்ணீர். அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும்.

வெளியில் சாப்பிட அம்மா தயங்குவது இந்த வட்டாரத்தில் நியாயம்தான். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சிவப்பரிசி போலத் தெரிகிற மெக்ஸிகன் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம், பச்சை மிளகாய்க் குழம்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். மாவு டார்ட்டியாவிலும் கொழுப்பு சேர்ப்பது உண்டு. "சைவமா?" என்று கேட்டால் மேலே இறைச்சித் துண்டு இல்லை என்பதையே பதிலாகச் சொல்லிவிடுவார்கள். கொழுப்பு, சாறு, முட்டை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அம்மா பயமில்லாமல் சாப்பிடக்கூடியவையும் நிறைய உண்டு. நியூ மெக்ஸிகோவில் சோபபியா என்று பூரி மாதிரி உப்பிய ஒன்றைத் தேனோடு தருவார்கள், எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆல்புகர்க்கியிலிருந்து தெற்கே இறங்கும்போது ஹேட்ச் என்ற சிற்றூர் வரும், மிளகாய்க்குப் பேர்போன இடம். அக்டோபரில் சிவப்பு மிளகாயைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். சுட்டுத் தோலுரித்த பச்சை மிளகாயும் வாங்கலாம். புளியும் வெங்காயமும் சேர்த்து அம்மா அதில் ஒரு துவையல் அரைத்தால் பயணம் முழுவதும் தொட்டுக்கொள்ள ஆகும்.

லாஸ் குரூசஸில் இரண்டு இரவு தங்கி, ஒயிட் சாண்ட்ஸுக்குப் போய் வாருங்கள். அது வெள்ளை ஜிப்சம் மணல், பகலிலும் கால் சுடாது, பிள்ளைகள் பிளாஸ்டிக் தட்டில் சறுக்கி விளையாடலாம். பக்கத்தில் ஏவுகணைச் சோதனை நடந்தால் சில மணி நேரம் சாலையை மூடுவார்கள், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. பெற்றோரின் பாஸ்போர்ட், ஐ-94 என்ற வருகைப் பதிவுத் தாள், உங்கள் விசா ஆவணங்கள் எல்லாம் அசலாகக் கையில் இருக்கட்டும்.

அங்கிருந்து டூசான் 275 மைல், ஒரே நாளில் வேண்டாம், வில்காக்ஸில் ஒரு இரவு நில்லுங்கள். லார்ட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் வரும் வறண்ட ஏரிப் பகுதியில் புழுதிக் காற்று திடீரென்று சாலையை மறைத்துவிடும். அப்படி வந்தால் சாலையை விட்டு முழுக்க விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, கைபிரேக் போட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் அதைப் பார்த்துச் சாலை அங்கேதான் போகிறது என்று நினைத்து வந்து மோதுவார்.

இப்போது உறவு. அண்ணன் வீட்டில் இரண்டு நாள், நாத்தனார் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் பெற்றோர் கூட இருக்கும்போது சம்பந்தி வீட்டுப் பெண்ணை இப்படிக் கடந்து போனால், அவருக்கு வரும் வருத்தம் உங்கள் அம்மாவையும் சேர்த்துத் தாக்கும். இரண்டு வீட்டிலும் இரண்டு இரவு தங்குங்கள். டூசானில் பார்க்கவும் இருக்கிறது: உணவுப் பாரம்பரியத்துக்காக யுனெஸ்கோ 2015இல் தேர்ந்தெடுத்த ஊர், அமெரிக்காவில் முதலாவது. அங்கே டொஹோனோ ஓதம் பழங்குடியினர் காலங்காலமாக விளைவிக்கும் டெபரி பயறு கிடைக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, குக்கரில் தாராளமாக விசில் விட்டு, தேங்காய் போட்டுச் சுண்டல் செய்து நாத்தனாருக்குக் கொடுங்கள்.

இரண்டு ஊரிலும் பெரியவர்களும் பிள்ளைகளும் வீட்டுக்குள் படுக்கட்டும், நல்ல கட்டிலும் வெந்நீர்க் குளியலும் பாதி வழியில் மிகவும் தேவை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தலாமா என்று அண்ணனும் நாத்தனாரும் தங்கள் குடியிருப்புச் சங்கத்தில் கேட்டுச் சொல்லட்டும். பல இடங்களில் ஒரு இரவுகூட விடமாட்டார்கள். விட்டாலும், வீட்டுச் சுவர் பிளக்கில் சொருகிக் கூரை ஏசியை ஓட்ட முடியாது. விடாவிட்டால் அருகிலுள்ள ஆர்.வி. முகாமில் நிறுத்திவிட்டு அவர்கள் காரிலேயே போய் வாருங்கள்.

வண்டி எடுக்கும்போது ஆறு பேருக்கும் சீட் பெல்ட் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். படுக்கைகளின் எண்ணிக்கையும் பெல்ட்டுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். சின்னப் பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை முன்னோக்கிய இருக்கையில்தான் வர வேண்டும். ஓடும்போது யாரும் எழுந்து டீ போடக் கூடாது, அம்மாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பின்கட்டில் கழிவறைக்குப் பக்கத்துக் கட்டில் பெற்றோருக்கு, ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள பரண் பெரிய பிள்ளைக்கு. பல கடன் அட்டைகளின் வாடகைக் கார் காப்பீட்டில் ஆர்.வி. சேராது, தனியாக எடுத்துவிடுங்கள்.

இடம் கிடைப்பது கடினம் டிரெய்லர் வில்லேஜில்தான். அதை முதலில் பதிவு செய்து, கிடைத்த தேதியை வைத்து வண்டியையும் மற்ற முகாம்களையும் பிடியுங்கள். தேதி முடிவானதும் நாத்தனாருக்கு முதல் போன் போகட்டும், கணவர் பேசாமல் நீங்களே பேசுங்கள்.