ஒரு நட்சத்திரக் காரில் ஊருக்குப் போகலாமா?

அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுவது என் தொழில். திருச்சியைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் இருபது வருடங்களுக்கு மேலாக இதே வேலை. கார்களை மோத விட்டு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடும் குளோபல் என்கேப், பாரத் என்கேப் அமைப்புகளின் சோதனை முடிவு ஏதாவது வந்துவிட்டால், அந்தக் காரை வைத்திருப்பவர்களெல்லாம் என்னைத் தேடுவார்கள். இந்த முறை கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: 2021இல் கடன் போட்டு ஸ்விஃப்ட் வாங்கினேன். அடுத்த வருடம் டிசம்பரில் குளோபல் என்கேப் அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது. தவணை இன்னும் முடியவில்லை. தூக்கம் வரவில்லை, ஐயா. விற்றுவிடட்டுமா?

விற்க வேண்டாம் அம்மா, இப்போதைக்கு. அந்த ஒரு நட்சத்திரம் எதைச் சொல்கிறது என்று முதலில் பார்ப்போம்.

காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்து வந்து, நசுங்கக்கூடிய அலுமினியத் தேன்கூட்டுத் தடுப்பு ஒன்றின்மேல் மோத விடுகிறார்கள். முன்பக்கம் முழுவதும் மோதாது. ஓட்டுநர் பக்கத்து 40 சதவீத அகலம் மட்டும் மோதும். எதிரே வரும் அதே எடையுள்ள இன்னொரு கார், பாதி விலகியும் விலகாமலும் இடித்தால் எப்படி இருக்குமோ அதுதான் இது. உள்ளே பெல்ட் போட்ட பொம்மைகள். அவற்றின் தலை, மார்பு, தொடை, கால் எவ்வளவு அடி வாங்கின என்பதற்கு மதிப்பெண். 2022 ஜூலைக்குப் பிறகு பக்கவாட்டு மோதல், வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, பாதசாரிக்கான பாதுகாப்பு எல்லாம் கணக்கில் சேர்ந்தன.

அந்தச் சோதனையில் ஸ்விஃப்ட், இக்னிஸ், எஸ்-பிரெஸ்ஸோ மூன்றுக்கும் ஒரு நட்சத்திரம்தான். எனக்கு நட்சத்திரத்தைவிட அறிக்கையில் இருந்த இன்னொரு வரிதான் முக்கியம்: பயணிகள் அமரும் கூண்டு நிலையாக இல்லை, இதற்கு மேல் அழுத்தம் தாங்காது என்றார்கள். என் வேலையில் இதைக் கண்ணால் பார்க்கிறேன். நல்ல கூண்டுள்ள கார் அடிபட்டால் பானட் அப்பளமாக நொறுங்கியிருக்கும், ஆனால் முன்கதவைக் கையால் திறக்கலாம். கூண்டு போன காரில் கதவைக் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருக்கும். டேஷ்போர்டு முழங்காலுக்கு வந்திருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு விற்காதே என்கிறானே என்று நினைப்பீர்கள். நஷ்டத்துக்கு விற்றுவிட்டு எதில் போவீர்கள்? பஸ் என்றால் சரி. ஸ்கூட்டரில் கணவரும் குழந்தையுமாகப் போவதென்றால் அந்த ஒரு நட்சத்திரமே எவ்வளவோ மேல். தவணை முடியட்டும். அதுவரை இரவு நெடும்பயணத்தைக் குறையுங்கள், 80க்கு மேல் போகாதீர்கள். அடுத்த கார் வாங்கும்போது மியூசிக் சிஸ்டத்தைக் கேட்பதற்கு முன் இந்த அறிக்கையைக் கேளுங்கள்.

கோவையிலிருந்து ஒரு வியாபாரி: நான் அமேஸ் வாங்கியபோது நான்கு நட்சத்திரம் என்றார்கள். 2024இல் அதே காருக்கு இரண்டு. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. 2019இல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு வாங்கியது உண்மை. 2024இல் இரண்டு வாங்கியதும் உண்மை. நடுவே பாடத்திட்டம் மாறிவிட்டது. பழைய தேர்வில் முன்பக்க மோதல்தான் முக்கியம். புதிய தேர்வில் பக்கவாட்டு ஏர்பேக், சறுக்கல் கட்டுப்பாடு இல்லாத கார் எவ்வளவு நன்றாக மோதினாலும் மேலே ஏற முடியாது. உங்கள் வண்டியின் இரும்பு இளைத்துவிடவில்லை. விளம்பரத்தில் நட்சத்திரத்தைப் பார்த்தால் அது எந்த வருடத்து நட்சத்திரம் என்று கேளுங்கள். குழந்தைகளுக்கு 2019இலேயே ஒன்றுதான் கிடைத்தது என்பதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குத்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

விருதுநகரிலிருந்து ஒருவர்: 'இதெல்லாம் தகரம், அம்பாசடர்தான் இரும்பு' என்கிறார் அப்பா. தட்டிப் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றே தோன்றுகிறது.

அப்பாவிடம் சண்டை போட வேண்டாம். இந்தக் கதையை மட்டும் சொல்லுங்கள். 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் கழகம் தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி ஒரு வேலை செய்தது. 1959ஆம் வருடத்து செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009ஆம் வருடத்து செவ்ரோலே மாலிபுவையும் நேருக்கு நேர் மோத விட்டது. பழையது பார்க்கக் கப்பல் போல இருக்கும். மோதியதும் அதன் கூண்டு மடிந்து ஸ்டியரிங் ஓட்டுநர் பொம்மையின்மேல் பாய்ந்தது. புதிய காரின் பொம்மைக்குக் காலில் சிறு காயம் என்ற அளவோடு போயிற்று.

காரணம் எளிது. முன்பக்கம் நசுங்க வேண்டும். நசுங்கித்தான் மோதலின் ஆற்றலைத் தின்ன வேண்டும். நடுக்கூண்டு நசுங்கக் கூடாது. பழைய கார்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்தன. கதவின் வெளித் தகட்டைத் தட்டிப் பார்ப்பது தேங்காய் வாங்குவதற்குச் சரி. கார் வாங்குவதற்கு உதவாது. உயிர் காக்கும் இரும்பு கதவுக்குள்ளும் கூரையைத் தாங்கும் தூண்களுக்குள்ளும் இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்: எங்கள் வேகன் ஆருக்குக் குழந்தைப் பாதுகாப்பில் பூஜ்யம் என்று 2023இல் வந்தது. மகனுக்கு மூன்று வயது. எப்போதும் என் மடியில்தான் இருப்பான். கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

பிடிக்க முடியாது அம்மா. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 64 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 18 மீட்டர். மோதலில் கார் நிற்க ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் 15 கிலோ குழந்தை உங்கள் கையை 270 கிலோ அளவுக்கு இழுக்கும். இரண்டு மூட்டை அரிசியைத் தூக்கிப் பாருங்கள். அதுவே 270இல் பாதிகூட வராது. முன் இருக்கையில் மடியில் வைத்திருந்தால் இன்னும் மோசம். விரியும் ஏர்பேக்குக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவே இருப்பவன் அவன்.

பூஜ்யம் என்பது பெரும்பாலும் காரைப் பற்றிய தீர்ப்பு. எல்லா இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா, முன்பக்கப் பயணி ஏர்பேக்கை அணைக்க வழி உண்டா, பொம்மைக் குழந்தைகளின் தலை எங்கே போய் இடித்தது என்றெல்லாம் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. பொம்மைகள் ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் இருக்கும். அதாவது உங்கள் மகன் வயதுதான்.

காரை மாற்ற முடியாவிட்டாலும் இருக்கையை வாங்கலாம். பின் இருக்கையில் முதுகும் உட்காரும் பலகையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு கம்பி வளையங்கள் தட்டுப்பட்டால் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது. இல்லாவிட்டால் பெல்ட்டால் கட்டும் வகை கிடைக்கும். கைக்குழந்தை என்றால் முகம் பின்பக்கம் பார்த்த மாதிரி வையுங்கள். அந்த இருக்கையை ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள். இருக்கை ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். முதல் வாரம் அழுவான். அழட்டும். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம்.

மதுரையிலிருந்து ஒருவர்: இவ்வளவு மோசம் என்றால் அரசு எப்படி விற்க விட்டது?

அரசுத் தேர்வு வேறு, இது வேறு. விற்பனைக்குக் கட்டாயமான முன்பக்க மோதல் சோதனையின் வேகம் 56 கிலோமீட்டர். அதில் தேறினால் போதும். 56க்கும் 64க்கும் எட்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். முப்பத்தைந்து எடுத்தாலும் தேர்ச்சி, தொண்ணூற்றைந்து எடுத்தாலும் தேர்ச்சி. நட்சத்திரம் வந்த பிறகுதான் மதிப்பெண் பட்டியல் நம் கைக்கு வந்தது. 2023 அக்டோபரில் அரசே தொடங்கிய பாரத் என்கேப்பும் கட்டாயமில்லை; விருப்பப்பட்ட நிறுவனம் காரை அனுப்பலாம். மோசமாக வரும் என்று தெரிந்தவர் எதற்கு அனுப்பப்போகிறார்?

அதே மதுரைக்காரர்: ஐந்து நட்சத்திரக் காரில் 110இல் போகிறேன். பாதுகாப்புதானே?

ஐந்து நட்சத்திரம் 64இல் வாங்கியது. 90இலேயே மோதலின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். 110இல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த வேகத்தில் நின்றுகொண்டிருக்கும் லாரியில் போய் இடித்த ஐந்து நட்சத்திரக் காரையும் மதிப்பிட்டிருக்கிறேன். அந்த அறிக்கையை எழுத எனக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

ஈரோட்டிலிருந்து ஒரு இளைஞர்: அண்ணா, நண்பரின் கார் லாரிக்குப் பின்னால் மோதியது. முன்பக்கம் முழுதும் போய்விட்டது, ஏர்பேக் விரியவில்லை. கம்பெனி கோளாறா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஏர்பேக்கை விரிய வைப்பது உணரிகள். லாரியின் அடியில் கார் நுழைந்துவிட்டால் முன்பக்கச் சட்டத்துக்கு அடி விழாது. பானட்டும் கண்ணாடியும் தூண்களும்தான் வாங்கும். உணரி தாமதமாக விழிக்கும், அல்லது விழிக்கவே விழிக்காது. நம் சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருக்கும் லாரிகளால் எனக்கு நிறைய வேலை வருகிறது.

ஆனால் முதலில் மூன்றைப் பாருங்கள், தம்பி. முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டிருந்தாரா? அழகுக்கு மாட்டும் அந்தக் கம்பி நசுங்க வேண்டிய இடத்தை நசுங்கவிடாது, உணரியையும் குழப்பும். 2017இலேயே மத்திய அமைச்சகம் அதை அகற்றச் சொல்லிவிட்டது. அடுத்து, பெல்ட் கொக்கியில் சத்தத்தை அடக்கும் போலிக் கிளிப் சொருகியிருந்தாரா? 2023இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளிலிருந்து அதை நீக்க உத்தரவிட்டது, இன்னமும் கார்களில் பார்க்கிறேன். மூன்றாவது, டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எத்தனை மாதமாக எரிந்துகொண்டிருந்தது?

மூன்றும் சுத்தம் என்றால் வண்டியைப் பட்டறைக்கு விடும் முன் படங்கள் எடுத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஏர்பேக் விரியாத ஒரு வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றமே வாங்கியவர் பக்கம் நின்றிருக்கிறது. குறைந்த நட்சத்திரம் என்பதற்காக மட்டும் வழக்குப் போட்டால் நிற்காது. வேலை செய்ய வேண்டிய கருவி செய்யவில்லை என்றால் நிற்கும்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: ஆறு ஏர்பேக் இருந்தால் ஐந்து நட்சத்திரம்தானே?

இல்லை. கியா கேரன்ஸ் ஆறு ஏர்பேக்கோடு 2022இல் மூன்று நட்சத்திரம்தான் வாங்கியது. கூண்டு, பெல்ட், அப்புறம்தான் காற்றுப் பை. பெல்ட் போடாதவர் முகத்தில் ஏர்பேக் அறைந்ததையும் பார்த்திருக்கிறேன். சைடு ஏர்பேக் உள்ள இருக்கைக்குத் தடிமனான ரெக்சின் உறை தைத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பை இருக்கையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு பொறியாளர்: சிறிய காரில் இதெல்லாம் செலவு அதிகம், விலை கட்டுப்படியாகாது என்று நிறுவனங்கள் சொல்கின்றனவே?

இதை நான் முழுதாக நம்புவதில்லை. 2014இல் குளோபல் என்கேப் முதன்முறை இந்தியக் கார்களை மோதிப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஐந்துக்கும் பூஜ்யம். போலோவின் கூண்டு உறுதியாக இருந்ததால் இரண்டு ஏர்பேக்கோடு மறுபடி மோதியபோது நான்கு நட்சத்திரம் வந்துவிட்டது. அன்று நானோவுக்குப் பூஜ்யம் வாங்கிய அதே டாடா, 2018 டிசம்பரில் நெக்ஸானுக்கு ஐந்து வாங்கியது. இந்தியக் கார் ஒன்றுக்கு முதல் ஐந்து. ஸ்விஃப்ட் போன்ற பல கார்களுக்கு ஒற்றை நட்சத்திரம் வாங்கிக்கொண்டிருந்த மாருதி, 2024 நவம்பரில் டிசையருக்குப் பெரியவர் பாதுகாப்பில் ஐந்து வாங்கியது. ஒரே ஊர், ஒரே சாலை, ஒரே வாடிக்கையாளர். முடியாததாக இருந்திருந்தால் இப்போதும் முடிந்திருக்காது. கேட்க ஆளில்லாதபோது செய்யவில்லை. திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஷோரூமில் நாமும் சன்ரூஃபைத்தான் கேட்டோம்.

கடைசியாக, நாகர்கோவிலிலிருந்து ஒரு பெரியவர்: எல்லாருக்கும் சொல்கிறீர்கள். உங்கள் கார் எத்தனை நட்சத்திரம்?

மாட்டிக்கொண்டேன், ஐயா. 2012ஆம் வருடத்து வண்டி. நட்சத்திரமே கிடையாது, அந்த மாடலை யாரும் மோதிப் பார்க்கவில்லை. ஏர்பேக் இல்லை. பின் இருக்கையின் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும்தான், அதனால் அங்கே யாரையும் உட்கார வைப்பதில்லை. மகள் கல்யாணம் தையில். அது முடிந்ததும் மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு. அதுவரை நாகர்கோவில் பக்கம் வருவதென்றால் ரயில்தான்.