ரோடியம் எங்கே ஒளிந்திருக்கிறது? – வாசகர் கேள்விகள்

சுரங்க அறிக்கையில் "4இ: 4.2 கிராம்/டன்" என்று இருக்கிறது. இதில் ரோடியம் எவ்வளவு? (ருஸ்டன்பர்க்)

4இ என்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் (பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்த விலையுயர்ந்த உலோகம்), தங்கம் நான்கும் சேர்ந்த கணக்கு. எந்த அடுக்கின் தாது என்று தெரியாமல் ரோடியத்தைப் பிரிக்க முடியாது. மெரென்ஸ்கி ரீஃப் (தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் எடுக்கும் ஒரு பாறை அடுக்கு) என்றால் பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு. உங்கள் தாதுவில் 0.13 முதல் 0.21 கிராம். யூஜி2 என்ற இன்னொரு அடுக்கு, அதாவது குரோமைட் (குரோமியக் கனிமம்) நிறைந்த அடுக்கு, என்றால் 8 முதல் 10 பங்கு, 0.34 முதல் 0.42 கிராம். நான்கு உலோகங்களின் பங்கையும் தனித்தனியாகக் காட்டும் "பிரில் ஸ்ப்ளிட்" என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத 4இ எண்ணை வைத்து ரோடியம் விலை போடுவது வீண்வேலை.

அந்த ரோடியம் தனிக் கனிமமாக இருக்கிறதா, வேறொன்றுக்குள் கரைந்திருக்கிறதா? (பிரிட்டோரியா மாணவி)

இரண்டும் உண்டு. ரசத்தில் உப்பையும் மிளகையும் நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு எந்தக் கரண்டியிலும் ஒரே அளவு. மிளகு ஒரு கரண்டியில் மூன்று வரும், அடுத்ததில் ஒன்றுகூட வராது. மெரென்ஸ்கி தாதுவில் பல்லேடியமும் ரோடியமும் கணிசமாக பென்ட்லண்டைட் என்ற நிக்கல்-இரும்பு சல்ஃபைடு கனிமத்தின் படிகக் கூட்டுக்குள்ளேயே நிக்கலுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும், அது உப்பு. பிளாட்டினம் அப்படி எளிதில் நுழையாது. கூப்பரைட், பிராகைட், ஸ்பெரிலைட் என்று தனி மணிகளாகக் கிடக்கும், அது மிளகு. அதே குடும்பத்து ருத்தேனியம் பெரும்பாலும் லாரைட் என்ற கனிமத்தில்.

லேசரால் கனிமத்தைச் சுட்டுத் தனிமங்களை நிறைப்படி அளக்கும் லேசர் ஐசிபி-எம்எஸ் கருவியின் வரைபடத்தில் கோடு சமமாக ஓடினால் ரோடியம் உள்ளே கரைந்திருக்கிறது. திடீரென ஊசிபோல எழும்பினால் உள்ளே ஒரு மணி சிக்கியிருக்கிறது. அந்த ஊசியையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடாதீர்கள்.

அந்த லேசர் கருவியில் கால்கோபைரைட் என்ற தாமிரக் கனிமத்திலும் ரோடியம் நிறைய வருகிறதே, நம்பலாமா? (அதே மாணவி)

நம்பாதீர்கள். ரோடியத்துக்கு இயற்கையில் நிறை 103 உள்ள ஒரே ஐசோடோப்புதான். தாமிரம்-63, கருவியின் ஆர்கான்-40-உடன் ஒட்டிக்கொண்டால் அதுவும் 103. கால்கோபைரைட்டில் எடைக்கு 34.6 சதவீதம் தாமிரம் இருப்பதால், ரோடியமே இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் காட்டும். மாறிப் போய் அளக்க வேறு ஐசோடோப்பும் கிடையாது. கருவி நிறையை மின்னேற்றத்தால் வகுத்தே பார்ப்பதால், இரட்டை மின்னேற்றம் பெற்ற ஈயம்-206-ம் இதே இடத்தில்தான் விழும். பக்கத்தில் கலீனா (ஈயக் கனிமம்) துணுக்கு இருந்தால் கவனம்.

ரோடியம் இல்லாத தூய தாமிரத் துண்டை அதே அமைப்பில் சுட்டு, ஒரு சதவீதம் தாமிரத்துக்கு எவ்வளவு பொய் ரோடியம் வருகிறது என்று கணக்கிட்டுக் கழியுங்கள். கழிக்கும் தொகை மிஞ்சும் தொகையைவிடப் பெரிதானால் அந்த எண்ணை அட்டவணையில் போட வேண்டாம்.

யூஜி2 மாதிரியைப் புடம் போட்டால் (ஈயத்தோடு உருக்கிச் சோதித்தால்) அளவு குறைவாகவே வருகிறது. ஏன்? (ஆய்வகப் பணியாளர், ஜொஹானஸ்பர்க்)

குற்றவாளி குரோமைட். சாதாரண இளக்கிக் கலவையில் (உருக உதவும் பொருள்கள்) அது சரியாகக் கரையாது. உடைந்த கசடை லென்ஸில் பாருங்கள்: கண்ணாடிக்குள் கறுப்பு மணல் தெரிந்தால் அந்த மணிகளுக்குள் பிளாட்டினக் குடும்பம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மாதிரியை 30 கிராமிலிருந்து 10–15 கிராமாகக் குறையுங்கள். வெங்காரத்தையும் சிலிக்காவையும் கூட்டுங்கள். உலையை 1,150–1,200 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றுங்கள். மாதிரியும் 75 மைக்ரானுக்குக் கீழ் நன்றாக அரைபட்டிருக்க வேண்டும். உலோகங்களைச் சேர்த்து இழுப்பது ஈயம்; ஒரு கிராம் கோதுமை மாவு கலவையிலுள்ள ஈய ஆக்சைடிலிருந்து ஏறக்குறைய 10–12 கிராம் ஈயத்தைப் பிரித்துக் கொடுக்கும்; 30 கிராம் ஈயக்கட்டி வேண்டுமானால் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) 3 கிராம் மாவு போதும். கட்டி சிறுத்தால் உலோகம் முழுதாகச் சேராது.

இன்னொரு கோளாறு: வெள்ளியைச் சேர்ப்பியாக (மற்ற உலோகங்களைப் பிடித்துவைக்கும் உலோகமாக) போடுவது. பிளாட்டினத்துக்கும் பல்லேடியத்துக்கும் அது சரி. ரோடியம் மட்டும் அமிலத்தில் கரையாமல் கறுப்புத் தூளாக அடியில் தங்கும். அதை வடிகட்டிக் கொட்டிவிட்டு "ரோடியம் இல்லை" என்று எழுதுவார்கள்! ரோடியத்துக்குத் தங்கத்தையோ பல்லேடியத்தையோ சேர்ப்பியாக வையுங்கள். இரிடியம், ருத்தேனியமும் வேண்டுமென்றால் ஈயத்தை விட்டுவிட்டு, அதற்குப் பதில் நிக்கல் சல்ஃபைடில் உலோகங்களைப் பிடிக்கும் முறைக்குப் போவதே நல்லது. அதில் தங்கம் கொஞ்சம் கைநழுவும்.

ஒரே தாதுப் பொடியில் இரண்டு முறை சோதித்தால் இரண்டு விடை. ஆய்வகம் ஏமாற்றுகிறதா? (டர்பன்)

அவசியமில்லை. பக்கத்துக்கு 100 மைக்ரான் உள்ள ஒரு பிளாட்டினம்-இரும்பு மணி சுமார் 18 மைக்ரோகிராம் எடை. 30 கிராம் மாதிரியில் அந்த ஒரே மணி விழுந்தால் விடை டன்னுக்கு 0.6 கிராம் ஏறும், விழாவிட்டால் ஏறாது. 10 மைக்ரான் மணியானால் பாதிப்பு ஆயிரத்தில் ஒரு பங்குதான். பொடியைப் பையின் மேலிருந்து கரண்டியால் அள்ளாமல் ரிஃபிள் ஸ்ப்ளிட்டரில் (பொடியைச் சமமாகப் பங்கிடும் பெட்டியில்) பிரித்து, நான்கு முறை சோதித்துச் சராசரி எடுங்கள். மேலிருந்து அள்ளக் கூடாததற்குக் காரணம், கனமான மணிகள் அடியில் போய்த் தங்கிவிடும்.

காரின் பழைய கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) வீட்டில் ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) போட்டால் ரோடியம் வருமா? (ஃபீனிக்ஸ், டர்பன்)

வராது. கட்டியான ரோடியம் ராஜ திராவகத்திலேயே கரைவதில்லை. வருவது நுரையீரலை அரிக்கும் பழுப்பு நைட்ரஜன் டைஆக்சைடு புகைதான். தென்னாப்பிரிக்காவில் விலையுயர்ந்த உலோகத்தைச் சுத்திகரிக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமும் வேண்டும். பதிவுபெற்ற ஸ்க்ராப் யார்டில் ரசீதோடு விற்றுவிடுங்கள்.