ஆற்றங்கரையில் அரிய வாத்துகளையும் பாடும் குருவிகளையும் பார்க்கப் பெரிய கேமரா கட்டாயமா?

கட்டாயமே இல்லை. நீங்க இப்பதான் ஆரம்பிக்கிறீங்க, லட்ச ரூபாய் லென்ஸைப் பார்த்து மலைச்சுப்போய்க் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன். 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) ஒண்ணு வாங்குங்க, போதும். கேமராக்காரங்களை நான் குறை சொல்லலை, உடனே சண்டைக்கு வந்துராதீங்க. படம் இல்லேன்னா பார்த்ததே பொய்ங்கிற பேச்சுதான் எனக்கு ஆகாது.

எங்க ஊரு தாமிரபரணிக் கரை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கு மேல தண்ணி தேங்குற பக்கம் சம்புக்கோரை ஆளுயரத்துக்கு மண்டிக் கெடக்கும். ஒரு நாள் விடியக்காலம் அதுக்குள்ள இருந்து கரகரன்னு ஓயாத பாட்டு. பெரிய நாணல் கதிர்க்குருவி. கொண்டைக்குருவி அளவு இருக்கும், பழுப்பு நிறம், நீள அலகு. லேசுல வெளிய வராது. எந்தத் தண்டு ஆடுதுன்னு பார்த்துத்தான் இடம் பிடிக்கணும். பறவை பார்க்கிறவங்க குழு ஒண்ணுல எழுதினேன். "படம் எங்கே? பிளித் நாணல் கதிர்க்குருவியா இருக்கும்"னு முடிச்சுட்டாங்க. பிளித் குளிர்காலத்துல எங்க ஊர்ப் புதரெல்லாம் இருக்கிறதுதான். உருவத்துல சின்னது, 'டக், டக்'னு ஒத்தை ஒத்தையாத் தட்டும். ரெண்டையும் காதாலேயே பிரிச்சிரலாம். மறுநாள் செல்போன்ல பாட்டைப் பதிவு பண்ணிப் போட்ட பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க.

வாத்துக்கு ஆத்தை மட்டும் நம்பாதீங்க, ஆத்துக்கால் பாயுற குளங்களுக்கும் போங்க. நீலச்சிறகி ஐப்பசியிலேயே வந்துரும், ஆனா அப்போ ஆணும் பொட்டையும் ஒரே பழுப்பா இருந்து குழப்பும். பிப்ரவரி கடைசியில பாருங்க, ஆணுக்கு வெள்ளைப் புருவம் பளிச்சுன்னு தெரியும். அல்லி படர்ந்த குளத்துல குள்ளத்தாராவைத் தேடுங்க; ஆண் பறக்கும்போது இறக்கையில வெள்ளைப் பட்டை தெரியும். வரித்தலை வாத்துக்குக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போங்க. ஜனவரியில தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2011ல ஆரம்பிச்சது. தன்னார்வலராச் சேர்ந்துக்கோங்க, கூட வர்றவங்க ஸ்கோப்ல (முக்காலியில நிக்கிற தொலைநோக்கி) காட்டித் தருவாங்க.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனா சொல்லாம இருக்க முடியலை. பரிகாரம்னு பாபநாசத்துல தாமிரபரணியில குளிச்சிட்டு, உடுத்தின துணியை ஆத்தோட விட்டுட்டுப் போறாங்க. வேட்டியும் சேலையும் பாறையிடுக்குலயும் மருத மர வேர்லயும் சுத்திக்கிட்டு அழுகிக் கெடக்கு. நானும் சாமி கும்பிடுறவன்தான், உங்க நம்பிக்கையில கை வைக்கலை. முங்கிக் குளிங்க, ஈரத்துணியைப் பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.